இஞ்சியை உடைத்தது யார்?

வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செலின் அக்காவின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா காலையில தவறிட்டாங்க சார்" என்றார். சங்கரா மீனை நிறுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கல்லூரியில் தத்துவம் நடத்திய முத்தியால்பேட்டை செலின் அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். நான் அதே கல்லூரியில் தமிழ் நடத்தினேன். அவர் இஞ்சித் துண்டோடு வகுப்புக்குப் போவார். பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் 'ரிசோம்' என்று பெயரிட்ட கருத்தை அவர் கிழங்கு என்றே சொல்லித்தருவார். "மரத்துக்கு ஒரு ஆணிவேர். அதத் தேடிப் போனா ஒரே இடத்துலதான் போய் நிப்பீங்க. இஞ்சிய உடைச்சு நட்டா எந்தக் கணுவுலயும் முளைக்கும். மனுஷனும் அப்படித்தான்." அவருக்கு அது வெறும் பாடமில்லை. அப்பா சைகோனில் பிறந்தவர்; அம்மா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சொந்த ஊர் எது என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

ஒரு மழைக்காலத்தில் கடல்கடந்த பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனிலிருந்து மரியோன் என்ற பெண் அவரைத் தேடி வந்தார். மரியோனின் கொள்ளுத்தாத்தாவைக் கரும்புத் தோட்ட வேலைக்கென்று இங்கிருந்து கப்பலேற்றியிருக்கிறார்கள். அவருடைய ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். உருமாறிப்போன ஓர் ஊர்ப்பெயரைத் தவிர வேறு தடயமில்லை. நானும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஆட்டோவில் சேதராப்பட்டு வரை அலைந்தோம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்ததும் மரியோன் அழுதுவிட்டார்.

தேற்றத்தான் அக்கா பிரெஞ்சில் இஞ்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒற்றை வேர் எதற்கு, நீ போன இடத்தில் முளைத்தவள் என்று சொல்லியிருக்கிறார். மரியோன் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வரி சொன்னார். அக்காவின் முகம் மாறியது. என்ன என்று கேட்டேன்.

"இஞ்சிய உடைச்சது யாருன்னு கேக்கறா" என்றார், தணிந்த குரலில்.

மறுநாள் மரியோன் கிளம்பிவிட்டார். அக்கா பிறகு இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்தார், பதில் வரவில்லை.

அந்தப் பாடத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் தொடங்கும் முன் மரியோனின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். கடைசியாக மருத்துவமனையில் பேசியபோதும் அதே பேச்சுதான். "கருத்து தப்பில்ல. அத அவகிட்ட அன்னிக்கி சொன்னதுதான் தப்பு. ஊரு கெடைக்கலன்னு அழுதவள அழ விட்டிருக்கணும்" என்றார். நர்ஸ் வந்துவிட்டதால் நான் எழுந்துவிட்டேன்.

அவரிடம் கற்றது நிறைய. என்னோடு வைத்துக்கொள்வது அந்தச் சாயங்காலத்தைத்தான். வாழ்நாளெல்லாம் நம்பிய ஒன்றுக்காக அந்தப் பெண்ணிடம் வாதாடாமல், ஆறிப்போன டீக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அன்று நடந்ததைத் தன் தோல்வி என்றே கடைசிவரை எண்ணிப் போய்விட்டார். இல்லை அக்கா என்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.