ஔலிக்குப் போக நல்ல நாள்

ஈரக் கையால் இழுத்தால் தாள் கோணலாகக் கிழியும். அதனால் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் ஆவுடையப்பன் தினசரிக் காலண்டர் பக்கம் போகிறார். நேற்றைய தாளைக் கிழித்து மடித்து வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு சுவரில் உரச இன்றைய தாளைப் படிக்கிறார். நல்ல நேரம், ராகு காலம், சூலம். எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் சந்திராஷ்டமம். அந்த வரியில் அவர் நட்சத்திரமான ‘பரணி’ என்றிருந்தால் அது அவருக்கு ஆகாத நாள். மாதத்தில் ஒரு நாள் வரும். அன்றைக்கு அலுவலகத்துக்குக் காஷுவல் லீவ், முகச்சவரம் கிடையாது, வாசலுக்கு வெளியே ஓரடி கிடையாது.

நாளைய தாளை மட்டும் இன்றைக்கே யாரையும் தொட விடமாட்டார். நவராத்திரிக்கு வந்த ஒரு குழந்தை இரண்டு தாள்களைச் சேர்த்து இழுத்துவிட்டது. மனிதர் வெளிறிப்போய்க் கோந்து தேடினார். “வராத நாளைக் கிழிச்சா, அந்த நாளு நமக்கு இல்லைன்னு ஆயிரும்வே” என்றார் என்னிடம். கோந்து காயும்வரை பக்கத்திலேயே நின்றார்.

வயது ஐம்பத்தொன்பது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். தில்லி கிட்வாய் நகரில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறார், ஆனால் லிஃப்டில் ஏறி நான் பார்த்ததில்லை. கேஸை மூடினால் மூன்று தரம் திருகிப் பார்ப்பார். ரயிலில் அவசர ஜன்னல் எது என்று கண்டுபிடித்த பிறகே செருப்பைக் கழற்றுவார். எதிர்வீட்டுக்காரனான நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறேன். அவரைக் கிண்டல் செய்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மனைவி செல்வி தில்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் பனிமலையைப் பார்த்ததில்லை. நான்கு முறை திட்டம் போட்டார்கள். நான்கு முறையும் அண்ணாச்சியே கலைத்தார். ஒரு முறை நிலச்சரிவுச் செய்தி. ஒரு முறை வண்டி கிளம்பும்போது டிரைவர் தும்மிவிட்டார். வருகிற மே மாதம் பணி ஓய்வு, அதற்குப் பிறகு பாளையங்கோட்டை. இதுதான் கடைசிக் குளிர்காலம்.

டிசம்பரில் ஒரு நாள் செல்வி மதினி என் முன்னாலேயே சொன்னார்: “ஊருக்குப் போயி ஆயுசு முழுக்க உங்களைக் குறை சொல்லிட்டே இருக்கணுமா நான்? ஒரே ஒரு தடவை அந்தக் கட்டையைக் காலுல மாட்டிப் பனியில நின்னுருதேன். போதும் எனக்கு.” குரலை உயர்த்தவே இல்லை. அண்ணாச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், இமயமலையில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஔலிக்குப் போக ஒரு கோப்பு திறந்தார். அவர்கள் இருவர், நான், இரண்டாவது மாடியில் இருக்கும் அர்விந்த், அவன் மனைவி அபூர்வா என்று ஐந்து பேர். அலுவலகக் குறிப்பு எழுதும் பச்சை நோட்டிங் தாளில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், ராசி, நட்சத்திரம்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அர்விந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அங்கிள், ஸ்கீயிங்குக்கு ராசி எதுக்கு? மௌசம் ஆப் பாத்தா போதாதா?”

“ஆப்பு பனி பெய்யுமான்னு சொல்லும். யாரு வழுக்கி விழுவான்னு சொல்லுமாவே? உங்க அம்மைக்குப் போன் போட்டு நட்சத்திரத்தைக் கேளும். ஜல்தி.”

நானும் சிரித்தேன். ஆனால் அவர் பயம் தொற்றக்கூடியது. ஒவ்வொரு சாயங்காலமும் வந்து உட்கார்ந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். போகிற வழியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டது ஒரு நாள். உயரத்தில் மூச்சு முட்டுவது ஒரு நாள். “கால் ஒடிஞ்சு, ரோடும் பனியில மூடிருச்சுன்னு வையும். கீழ கொண்டுவர எத்தனை மணி நேரம்? நீரு கேட்டீரா?” நான் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

தேதி அமைவதுதான் பெரும்பாடு. செவ்வாய், புதன் வடக்கே சூலம், அன்று கிளம்பக்கூடாது. அர்விந்துக்கும் அபூர்வாவுக்கும் சேர்ந்து லீவு கிடைக்க வேண்டும். ஸ்கீயிங் பயிற்சியாளரிடம் இடம் இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேல் ஐந்து பேரின் சந்திராஷ்டமம். பிப்ரவரி மாதக் கட்டம் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறிகள். இதுவும் அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் கதவைத் தட்டினார்.

“வெள்ளிக்கிழமை காலம்பற கிளம்புதோம். சனி சாயங்காலம் ஔலி. ஞாயித்துக்கிழமை கட்டை மாட்டுதோம். செவ்வா வீட்டுக்கு வந்துருதோம்.”

“எல்லாருக்கும் பார்த்தாச்சா அண்ணாச்சி?”

“பாத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல.”

முகமெல்லாம் வேர்த்திருந்தது. மாடிப்படி ஏறி வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் பெட்டி தூக்க உதவலாம் என்று போனேன். மதினி குரங்குக் குல்லாவோடு தயாராக நின்றிருந்தார். செருப்பை மாட்டப் போனவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

“ஏங்க, காலண்டரு செவ்வாக்கிழமையில நிக்குது?”

அண்ணாச்சி பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “திரும்பி வார நாளுல்லா. வந்து கிழிச்சிட்டுக் கெடக்க வேண்டாம்னு கிழிச்சுட்டேன்.”

“நீங்களா!” என்று சிரித்தார் மதினி. வேறு நாளாக இருந்தால் விட்டிருக்கமாட்டார். அன்று அவருக்கு நிற்க நேரமில்லை. பெட்டிகளோடு லிஃப்டில் இறங்கிவிட்டார். நானும் அண்ணாச்சியும் படியில் இறங்கினோம்.

நான்காவது மாடியில் அவர் கழுத்தைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கூடவே சட்டைப் பையிலிருந்து நான்கு தாள்கள் விழுந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். பொறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் கடைசி வரியில் பரணி.

“அண்ணாச்சி...”

“மெதுவாப் பேசும். மத்த நாலு பேருக்கும் சுத்தமா இருக்கது இந்த அஞ்சு நாளுதான். வேற நாளு அமையல. அவ காதுல விழுந்துச்சுன்னா வண்டியில ஏறமாட்டா.”

வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். நாள் நட்சத்திரத்தை நம்பாதவன் நான். ஆனால் நம்புகிறவர் என் கண் முன்னே படியிறங்கிக்கொண்டிருந்தார். நான் மடித்து நீட்டிய தாள்களை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கீழே வண்டியில் அர்விந்தும் அபூர்வாவும் பின் இருக்கையைப் பிடித்திருந்தார்கள். அண்ணாச்சி பனிப்புகை படிந்த ஜன்னலைக் கைக்குட்டையால் இரண்டு தரம் துடைத்தார். “செல்வி, இங்கன உக்காரு. இங்கருந்து நல்லாத் தெரியும்” என்றார். மதினி ஏறி உட்கார்ந்ததும் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டு, மறு கையால் மனைவியின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டார்.