ஒட்டுக் கட்டிய பிளேடு

என் கணவர் மலைமேல் மஞ்சக்குட்டையில், பிளேடால் கிளை சீவி ஆரஞ்சுச் செடிக்கு ஒட்டுக் கட்டுபவர். குடலிறக்கத்துக்காகச் சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த இடத்து முடியை ஆஸ்பத்திரியிலேயே எடுப்பார்கள், வீட்டில் தொடவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார்.

இந்த மனிதர் கேட்டால்தானே. நர்ஸ் முன்னால் துணி விலக்க வெட்கமாம். முந்தின நாளே, ஒட்டுக் கட்டுகிற பிளேடால் தானே மழித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த பிளேடுலயா?" என்றேன்.

"பழகுன கை. நீ வாயை மூடு."

தியேட்டருக்குள் போனவரை டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். "தோலெல்லாம் கீறல். இதுமேல கத்தி வெச்சா உள்ளே சீழ் பிடிக்கும்." பஸ்ஸில் மலையேறி வீடு சேரும் வரை டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் கீறலெல்லாம் சீழ் வைத்தது. அப்புறம்தான் வாய் அடங்கியது.

அடுத்த தேதிக்கு முன், வீட்டிலிருந்த பிளேடுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த முறை ஆபரேஷன் முடிந்து புண் ஒழுங்காக ஆறியது, எனக்கு அது போதும்.

இப்போது ஊரில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் போய் இந்தக் கதையைச் சொல்கிறேன். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.