பாதித் துண்டு ரொட்டி

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர்கள் நாங்கள். சாமிக்குப் படைத்தது எதுவானாலும் இரண்டு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, பாதியை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்த நல்ல பழக்கம்தான் என் தம்பியைக் கொல்லப் போகிறது என்று எட்டு வயதில் நடுங்கிப்போனேன்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். மலைக்குக் கீழேயிருந்து வேலைக்கு வந்த நாலைந்து பேர் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவார்கள். பாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் ஆசைப்பட்டு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். மாதம் ஒருமுறை காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து போதகர் பஸ் ஏறி வருவார். அன்றைக்கு ஒரு தட்டில், இயேசுவின் நினைவாகப் பகிரும் ரொட்டித் துண்டுகள் கைமாறி வரும். நர்ஸம்மா மட்டும் எடுக்கமாட்டார். கண்ணை மூடியபடி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். ஊரில் சொந்த அக்காவோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சு இல்லை என்று அம்மா சொல்வாள். மனதில் பகை வைத்துக்கொண்டு அந்த ரொட்டியை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் முறை என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது நான். தட்டு என் கைக்கு வந்தது. ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பாதியைக் கடித்தேன். மீதியைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டுபோய்த் தம்பி வாயில் போட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பெருமையடித்தேன். அவரும் அந்த ஜெபத்துக்கு வருகிறவர்தான்; அந்த ஞாயிறு மட்டும் வரவில்லை. முகம் மாறிவிட்டது.

"ஞானஸ்நானம் எடுக்காதவங்க அதைத் தின்னா ஆக்கினை வரும், தெரியுமா?"

ஆக்கினை என்றால் என்னவென்று கேட்கப் பயம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தம்பி உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கேட்காமலே தெரிந்துவிட்டது.

விடிந்ததும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். ஊசியை எடுத்த நர்ஸம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊசிக்கு இது கேக்காதுங்க. உங்க சாமி ரொட்டிய நாந்தானுங்க குடுத்தேன். அவன் பாதிதானுங்க தின்னான். ஆக்கினைய எனக்கே முழுசா போடச் சொல்லுங்க."

அவர் ஊசியைப் போட்டுவிட்டு என் முன்னால் குந்தினார்.

"சளிக்காய்ச்சல்தான் பிள்ள, ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவான். இயேசப்பா வெளியாளு, உள்ளாளுன்னு பாத்துப் பந்தி வைக்கிறவரு இல்ல. தகுதி பாத்தா எனக்கே அங்க எடமில்ல."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. எனக்குப் பயம் இன்னும் கூடிப்போனது.

தம்பி இரண்டே நாளில் எழுந்து ஓடினான். அந்த வாரமே நர்ஸம்மா, டவர் கிடைக்கும் பாறை மேல் நின்று, "அக்கா, நான்தான்... என்னை மன்னிச்சிரு" என்று செல்போனில் அழுததைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் தட்டு வந்தபோது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நர்ஸம்மா கண்ணைத் திறந்து ஒரு துண்டு எடுத்தார். எங்களைப் போலவே கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் கண்ணீர்.

தனக்குத் தகுதியில்லை என்று அவரே சொல்லியிருந்தாரே! அன்று இருட்டும்வரை அவர் வீட்டு வாசலையே சுற்றிச் சுற்றி வந்தேன், அவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டதா என்று பார்க்க.