கல்யாணக் காரோடு போன ஹேர்பின்

இன்று காலை சிராங்கூன் ரோட்டில், எங்கள் பட்டறைக்கு எதிரே, ஒரு கல்யாணக் கார் குலுங்கி நின்றுவிட்டது. உள்ளே மணப்பெண். அரை மணி நேரத்தில் பக்கத்துச் சர்ச்சில் இருக்க வேண்டும்.

“மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே மூஞ்சத் தூக்கி வச்சிருக்காங்க தம்பி, சீக்கிரம் பாருங்க லா!” என்றார் பெண்ணின் அம்மா.

இந்தப் பழைய மாடல் கார்களில் பானட்டுக்குள் ஒரு டெஸ்ட் சாக்கெட் உண்டு. அதன் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால், டாஷ்போர்டு விளக்கு சிமிட்டிச் சிமிட்டிப் பழுது எதில் என்று சொல்லிவிடும்.

கையில் கம்பி இல்லை. சட்டைப் பையில் ஸ்டெல்லாவின் ஹேர்பின் இருந்தது. என் மனைவி இறந்து மூன்று மாதமாக அது அங்கேதான் இருந்தது. அதையே சொருகினேன்.

மணப்பெண் முக்காட்டைத் தூக்கிவிட்டு விளக்கு சிமிட்டுவதை எண்ணினாள். “நீட்டா ஒண்ணு, குட்டியா ஆறு, அண்ணே!”

“நீட்டுன்னா பத்து, குட்டின்னா ஒண்ணு. அப்போ பதினாறு. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்தான்.”

ஒரு இன்ஜெக்டரின் வயர் கனெக்டர் தளர்ந்திருந்தது. துடைத்து அழுத்தியதும் எஞ்சின் சீராக ஓடியது. ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

கார் மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஹேர்பின் சாக்கெட்டிலேயே இருக்கிறது!

ஸ்டெல்லாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு சர்ச் வாசலை நான் மிதித்ததில்லை. இப்போது சட்டை மாற்றிக்கொண்டு, அந்தக் கார் நிற்கும் சர்ச்சுக்குக் கிளம்புகிறேன்.

ஹேர்பின்னுக்காகத்தான் போகிறேன் என்றால் நம்புவீர்கள்தானே? கல்யாண விருந்துப் பிரியாணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.