பேஸை வைத்துவிட்டுப் பாடச் சொன்னார்கள்

எங்கள் இசைக்குழுவில் நான் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். பினாங்கில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவோம். பெண் ஒருத்தி அவ்வளவு பெரிய கித்தாரை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மேடைக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் உண்டு. வந்தவர்களில் பலர் என்னைப் பார்த்தார்களே தவிர, கேட்டதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. என் கித்தாரின் சத்தம் அப்படி. மூன்று திருகுகள்தான் அதில்: ஒலியளவுக்கு இரண்டு, தொனிக்கு ஒன்று. தொனியைக் குறைத்தால் மங்கும். முழுதாகத் திறந்தாலும் உள்ளே இருப்பதற்குமேல் ஒன்றும் வராது. டிரம்ஸும் தபேலாவும் கீபோர்டும் சேர்ந்துவிட்டால் தலையணைக்கு அடியில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

ஒருநாள் ஒத்திகையில், குழுவை நடத்துகிற அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே லா. கீபோர்டு தம்பி இடது கையிலேயே பேஸ் போட்டுக்குவான். நீ அதை வெச்சிட்டு கோரஸ் பாடு. உனக்கும் தூக்குற கஷ்டம் இல்ல."

"எனக்குத் தூக்குறது கஷ்டம்னு யாரு சொன்னா?"

"அதுக்கில்ல. சவுண்டு எடுபடல. வர்ற செபராங் ஜெயா கல்யாணத்துல வீடியோ எல்லாம் எடுக்கிறாங்க. புது கித்தார் வாங்கு, அப்புறம் பாக்கலாம்."

"நான் கோரஸ் பாட வரல அண்ணே. பேஸ் வாசிக்க வந்தேன். அந்தக் கல்யாணத்துக்கும் பேஸோடதான் வருவேன்."

கீபோர்டு தம்பி தன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த வார விடுமுறையில் ஜார்ஜ் டவுனில் எனக்குத் தெரிந்த சீனரின் இசைக்கருவிக் கடைக்குக் கித்தாரை எடுத்துப் போனேன். அவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். மரம் சாதாரண மரம், இதற்குச் செலவு செய்வது வீண், விற்றுவிட்டு வேறு வாங்கு என்று மலாயில் சொன்னார். சுவரில் தொங்கிய ஒன்றை இறக்கிக் கையில் கொடுத்தார். வாசித்துப் பார்த்தேன். நல்ல சத்தம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் கழுத்து அகலம். என் கை சின்னது. சுண்டு விரல் தடிமனான தந்தியை எட்டுவதற்குள் மணிக்கட்டு வலித்தது. என்னுடையதில் கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் தானாகப் போய் நிற்கும்.

"இதுக்குள்ள வைக்கிற பிரீஆம்ப் மட்டும் குடுங்க" என்றேன்.

அது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சர்க்யூட். பேட்டரியில் ஓடும். அடித்தொனி, நடுத்தொனி, உச்சத்தொனி மூன்றையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். பொருத்தித் தர அவர் சம்மதிக்கவில்லை. கித்தாரின் உடம்பில் புதிதாக ஓட்டை போட்டால் பிறகு யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். நான் விற்கப்போவதில்லை என்றேன். கூடவே ஒரு சின்ன சுவிட்சும் கேட்டேன், சர்க்யூட்டைத் தாண்டிப் பழைய சத்தத்துக்கே போவதற்கு. புதியதை வைப்பவளுக்குப் பழையது எதற்கு என்று சிரித்தார். இரண்டும் எனக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

புக்கிட் தெங்காவில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சோதனையில் தவறிய சர்க்யூட்டுகளைப் பழுது பார்க்கிற பிரிவு. ஈயம் உருக்கி ஒட்டுவது எனக்குப் புதிதில்லை. மரத்தில் துளை போடுவதுதான் புதிது. சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் துண்டை விரித்துக் கித்தாரைக் கிடத்தினேன். என் வீட்டுக்காரர் அதன் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டை போட்டா திரும்ப அடைக்க முடியாது, தெரியும்தானே?"

"தெரியும். ஆடாம பிடிங்க."

டிரில் மரத்தில் இறங்கி, துண்டின்மேல் மரத்தூள் கொட்டியது. திருகுகளுக்கும் சுவிட்சுக்கும் வழி செய்தேன். பேட்டரிக்கு இடம் போதாமல் உளியால் உள்ளே கொஞ்சம் செதுக்கினேன். வயர்களை ஒட்டி, மின்சாரம் சோதிக்கிற மல்டிமீட்டரில் இருந்த பழைய பேட்டரியைக் கழற்றி மாட்டி, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் செருகினால், பெரிய இரைச்சல். உலோகத் திருகைத் தொட்டால் இரைச்சல் நின்றது. தந்தியைத் தொட்டால் நிற்கவில்லை. அப்போதே புரிந்தது: தந்திகள் கட்டியிருக்கிற பாலத்திலிருந்து சர்க்யூட்டுக்கு வருகிற எர்த் வயரை நான்தான் செதுக்கும்போது அறுத்திருக்கிறேன். பாலத்தைக் கழற்றிப் புது வயர் விட்டேன். இரைச்சல் போனது.

நடுத்தொனியை ஏற்றி, கட்டைவிரலால் கனத்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினேன்.

"மெதுவா. கீழ்வீட்டுக்காரங்க மேல வந்துருவாங்க" என்றார் அவர்.

"வரட்டும்" என்று இன்னொரு முறை தட்டினேன். அடுத்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் அதுதான் வேலை. கித்தாரிலிருந்து கேபிளைக்கூடப் பிடுங்கவில்லை.

செபராங் ஜெயா மண்டபத்தில் நான் நிற்கிற இடத்தில் கோரஸ் மைக் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிப் பாடகி பக்கத்தில் வைத்துவிட்டுக் கித்தாரைச் செருகினேன். அண்ணன் பார்த்தார். விருந்தாளிகள் வந்துகொண்டிருந்ததால் பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினார். முதல் பாட்டு குத்துப்பாட்டு. கீபோர்டு தம்பியின் இடது கையும் நானும் ஒரே வரியை வாசித்தோம். முதல் சரணம் முடிந்ததும் அவன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாரும் சொல்லி எடுக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு மெதுவான பாட்டு. பாதியில் என் சத்தம் கரகரத்து, தேய்ந்து, நின்றுபோனது. கித்தாரில் கேபிளைச் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பேட்டரி, வாரம் முழுக்க ஓடித் தீர்ந்துவிட்டது. அண்ணன் சட்டென்று திரும்பினார். நான் சுவிட்சைத் தட்டினேன். பழைய சத்தம் வந்தது, உருண்டையாக, மங்கலாக. அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம். பாடகிகூடக் குரலை இன்னும் தணித்துப் பாடினாள். பாட்டு முடிந்ததும், "மைக்ல ஒரு நிமிஷம் பேசுங்க அண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பையிலிருந்த புது பேட்டரியை எடுத்து மாட்டினேன். அவர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதோ பேசிச் சமாளித்தார்.

நிகழ்ச்சி முடிந்து பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"சரி, பேஸ் இருக்கட்டும் லா" என்றார் அண்ணன். "அதோட கோரஸும் பாடேன். ரெண்டும் செய்யலாம்தானே?"

"பாடமாட்டேன் அண்ணே."

"அடுத்த தடவை சத்தமாச்சும் கொஞ்சம் குறைச்சிக்க."

"சவுண்டுக்காரர் குறைக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"அவர் சொன்னா குறைக்கிறேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எனக்கும் நல்ல பசி. ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

அடுத்து சுங்கை பாக்காப் கோயில் திருவிழா. ஒத்திகைக்கு எப்போது வரமுடியும் என்று அவரே போன் செய்து கேட்டார். வேலை முடிந்து எனக்குத் தோதான நேரத்தைச் சொன்னேன். அந்த நேரத்துக்குத்தான் எல்லாரும் வந்தார்கள்.