ஊரில் பிடித்த ஓணான்

மாசி நான்காம் தேதி காலை ஏழு மணிக்குக் கப்பல் ரங்கூன் துறையைத் தொட்டது. சென்னையிலிருந்து மேல்தட்டில் வரக் கட்டணம் பதினைந்து ரூபாய். நான்கு நாள் வாந்தி இனாம்.

நான் வந்தது விரல் நீள விசிறி ஓணானுக்காக. வறண்ட மணலில் கல்மேல் ஏறி, கழுத்தின் நீல விசிறியை விரித்துப் பெண்ணை அழைக்கும் நம் பக்கத்துப் பிராணி அது. கடலுக்கு அக்கரையில் கிடையாது என்பது பிராணிநூல் பெரியவர்கள் முடிவு. ஓணான் கிடைத்தால் அனுப்பும்படி பத்திரிகையில் நான் கேட்டிருந்ததைப் பார்த்து, ரங்கூனை அடுத்த தாமுவேயிலிருக்கும் ரயில்பாதைத் தொழிலாளி மூக்கையா, சாராயப் புட்டியில் ஒன்றை ஊறப்போட்டு அனுப்பினார். சீட்டில் ‘ஊரில் பிடித்தது’ என்றிருந்தது. நான் வேலை பார்க்கும் காட்சிச்சாலையின் மேலதிகாரி நம்பாமல் சிரித்தார். உயிரோடு கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மார்தட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

தாமுவே மூன்று மைல். ஆள் இழுக்கும் லஞ்சா வண்டிக்கு ஆறணா. மூக்கையா பெகு பக்கம் வேலைக்குப் போயிருந்தார், ஞாயிறுதான் வருவாராம். மூன்று நாள் சுருக்குக் குச்சியோடு தனியே அலைந்தேன். மாசியிலும் எங்கும் பச்சை, நிழல். தடித்த தோட்டத்து ஓணான்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டின. சோற்றுக்கடைக்காரர் ‘இன்னும் வேணுமா’ என்றதைத் தவிர யாரும் என்னோடு பேசவில்லை. அறைக்குத் திரும்பினால், ஒரு குரலாவது கேட்கட்டும் என்று இருமிக்கொள்வேன்.

ஞாயிறு பகல் மூக்கையா வந்தார். நரைத்த தலை, தனிக்கட்டை. எந்தத் திடலில் பிடித்தீர்கள் என்றேன். விழித்தார்.

“ஊருன்னா ஊருதான் ஐயா. பரமக்குடிப் பக்கம். அண்ணன் மகன் கப்பலேறயில பிடிச்சாரச் சொன்னேன். பாக்கணும்போல இருந்துச்சு.”

பெயர் சொல்லாமல் ‘ஊர்’ என்றால் இங்குள்ள தமிழருக்குத் தாங்கள் பிறந்த மண் மட்டுந்தானாம். அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓணான் அவர் வாசலில் செங்கல்மேல் ஏறி, பெண்ணே இல்லாத இடத்தில் இரண்டு மாதம் விசிறியை விரித்ததாம். முதல் மழையில் செத்ததாம்.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது.

“வேணும்னா தாமுவேன்னே எழுதிக்கங்க. ரெண்டு மாசம் இங்கதான இருந்துச்சு.”

கை துறுதுறுத்தது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்! பேச்சை மாற்ற, இங்கே வந்து எத்தனை வருஷம் என்றேன். முப்பத்தோரு வருஷமாம்.

திரும்பும் கப்பலில் புட்டிக்குப் புதுச் சீட்டு எழுதினேன். இடம்: பரமக்குடி. முப்பத்தோரு வருஷத்தில் மூக்கையாவுக்கே ரங்கூன் ஊராகவில்லை. இரண்டு மாதத்தில் ஓணானுக்கு எங்கே ஆகும்?