முப்பது பூச்சட்டி உறிகள்

ஒரு நாள் புத்தளத்திலிருந்து தொலைபேசியில் பேசிய மகள் றிஷ்னா, எத்தாளை என்ற ஊரிலிருந்த தாய் ஸபீனாவை "எத்தாளை உம்மா" என்று கூப்பிட்டாள். அப்படியானால் புத்தளத்தில் இன்னோர் உம்மா இருக்கிறாள்.

கணவன் முபாறக் காய்ச்சலில் மௌத்தாகி எட்டு மாதம். அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஹஃபீலா, பிள்ளையில்லாதவள். ஏழு வயது றிஷ்னாவைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். "ஜனவரியில ஸ்கூல் தொடங்க முன்ன ஒரு தொழிலப் புடிச்சிக்க ஸபீனா. புள்ளய வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லியிருந்தாள்.

ஸபீனா பிடித்த தொழில் கயிற்றில் முடிச்சுப் போட்டு உறி செய்வது. ஊர் மாதர் சங்கத்தில் மூன்று நாள் பழக்கினார்கள். அவர்கள் அதை மெக்ரமே என்றார்கள். அயலவர்களுக்கு அது உறிதான். தயிர்ச் சட்டிக்குப் பதில் பூச்சட்டி தொங்குகிறது, அவ்வளவே. கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றை நடத்தும் அல்பொன்சா, மாதிரியைப் பார்த்துவிட்டு நவம்பர் முடிவுக்குள் முப்பது சின்ன உறிகள் கேட்டாள். சரிவந்தால் தொடர்ந்து வேலை தருவதாகவும் சொன்னாள்.

சுவரில் ஆணியடித்து, கம்பைத் தொங்கவிட்டு, வெள்ளைப் பருத்திக் கயிற்றை மடித்து மாட்டி, ஸபீனா முடிச்சுப் போட்டாள். பத்தொன்பது முடிந்தபோது மாரி பிடித்தது. ஒரு பகல் பெய்த மழையிலேயே வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம். முடித்த உறிகளும் மிச்சக் கயிறும் கட்டிலுக்கடியில் ஒரே சாக்கில் கிடந்தன.

நாலாம் நாள் சாக்கை அவிழ்த்தால் எல்லாவற்றிலும் கரும்புள்ளி. சவர்க்காரம் போட்டுக் கசக்கினாள், தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாள். காய வைக்க வெயில் இல்லை. அடுப்புக்கு மேல் கட்டினாள். புகை நாற்றம்தான் ஏறியது, புள்ளி போகவில்லை. சாக்கின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு "யா அல்லாஹ், என்ட புள்ள போகப்போகுது" என்று கத்தி அழுதாள்.

சத்தம் கேட்டு வந்த அயல் மீனவர் சவிரிமுத்து, கழித்த வலைகளின் மெல்லிய நைலோன் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். "இது வழுக்கும் தங்கச்சி. முடிச்சு நிக்காது."

"நிக்க வெப்பேன் அண்ணன்."

ஒவ்வொரு முடிச்சின் நுனியையும் மெழுகுதிரியில் உருக்கி ஒட்டினாள். விரல்கள் கொப்பளித்தன. ஆறு நாளில் பதினொன்றுதான் முடிந்தது. நவம்பர் முடிவு வந்துவிட்டது. கறை பிடித்த பத்தொன்பதை விட்டுவிட்டு, அவற்றோடு மட்டும் கற்பிட்டிக்குப் போனாள்.

அல்பொன்சா ஒன்றில் சட்டியை வைத்தாள். நின்றது. அடுத்ததில் வைத்தாள். முடிச்சு ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, சட்டி சீமெந்தில் விழுந்து சிதறியது.

"ஆக்கள் நடக்கிற இடத்துக்கு மேல இத எப்பிடித் தொங்க விடுறது தங்கச்சி? மழை விடட்டும், பருத்தியிலேயே செஞ்சு கொண்டு வாங்க."

"மழை விடுற வரைக்கும் எனக்கு நேரமில்ல மிஸ்" என்றாள் ஸபீனா. எதற்கு நேரமில்லை என்று அல்பொன்சாவுக்கு விளங்கவில்லை.

ஸபீனா வீட்டுக்குப் போகவில்லை. புத்தளம் பஸ்ஸில் ஏறினாள். கதவைத் திறந்த ஹஃபீலாவிடம், வாசலில் நின்றபடியே சொன்னாள்: "தொழில் கிடைக்கல்ல மதினி. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் புள்ளய கூட்டிட்டுப் போக வந்தீக்கிறேன்."

ஹஃபீலா கதவைப் பிடித்தபடி நின்றாள். "வெள்ளம் வந்த ஊட்டுக்கா? என்னத்தக் குடுப்பாய்?" என்றாள். "அவ இல்லாம இந்த ஊட்டுல நான் எப்பிடி இரிப்பேன், அதயும் சொல்லு."

உள்ளேயிருந்து றிஷ்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உம்மா, நீங்களும் இங்கயே இரிங்களேன். மாமி சோறு ஆக்கித் தருவாங்க."

பிள்ளை நல்ல மனதோடுதான் கூப்பிட்டாள். அவளுக்கு எத்தாளைக்கு வரும் எண்ணமே இல்லை என்பது அப்போதுதான் ஸபீனாவுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் தங்கினாள். மூன்றாம் நாள், பிள்ளையை வற்புறுத்திக் கூட்டிப்போக மனமில்லாமல், தனியாகத் திரும்பினாள்.

ஜனவரியில் றிஷ்னா புத்தளத்திலேயே பள்ளிக்கூடம் போனாள். பெப்ரவரி வெயிலில் ஸபீனா புதிய பருத்தியில் முப்பதையும் முடித்துக் கொடுத்தாள். அல்பொன்சா மறு மாதத்துக்கும் கேட்டாள். அந்தச் செய்தியைச் சொல்ல ஸபீனா ஹஃபீலாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஹஃபீலா. "ஆண்டு முடியட்டும் ஸபீனா. நடுவுல ஸ்கூல் மாத்தக் கூடாது."

ஸபீனா ஓம், சரி என்றுதான் சொன்னாள். பிறகு மறு மாதத்து உறிகளுக்காக ஆணியில் கம்பைத் தொங்கவிட்டாள்.